இரும்புக் கீலில் துரு: பெயின்ட்டுக்கு முன்னால் உப்பைக் கவனியுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். எழுபதுகளில் கட்டிய 26 அடி வெஸ்டர்லி சென்டார் பாய்மரப் படகு. அடியில் வார்ப்பிரும்பில் இரட்டைக் கீல், அதாவது படகு சாயாமல் நிற்க அடியில் போல்ட்டால் பூட்டிய இரண்டு கனத்த இரும்புத் துண்டுகள். இங்கிலாந்தின் தென்கரையில், சிச்செஸ்டர் துறைமுகத்துக்குள், தண்ணீர் வற்றும்போது சேற்றில் உட்காரும் இடத்தில் கட்டியிருக்கிறீர்கள். வசந்தம்தோறும் கீல்களைச் சுரண்டி, துருமாற்றித் திரவம் தடவி, பிரைமரும் பெயின்ட்டும் அடிக்கிறீர்கள். குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றும்போது பார்த்தால் மறுபடியும் செம்பழுப்புக் கொப்புளங்கள். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் "அப்படியே விடுங்கள், ஒன்றும் ஆகாது" என்கிறார், இன்னொருவர் கண்ணாடியிழை போர்த்திவிடச் சொல்கிறார். எந்த பெயின்ட் அடித்தால் நிரந்தரமாக நிற்கும் என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கீல் கரைந்து போய்க்கொண்டிருக்கிறதா, படகு பத்திரமா என்பது முதலாவது. ஆண்டுதோறும் இவ்வளவு பாடுபட்டும் ஏன் நிற்கவில்லை என்பது இரண்டாவது. நான் நெடுங்காலம் கப்பல் பழுதுபார்க்கும் தளங்களில் பெயின்ட் ஆய்வாளராக இருந்தவன். முதலில் சிங்கப்பூர், பிறகு சவுத்தாம்ப்டன் பக்கம். சிறு படகுகளின் கீல்களைப் பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். நீங்கள் போட்டிருக்கும் இரண்டு படங்களை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல செய்திதான். கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும் வெற்று இரும்பு, எல்லா இடத்திலும் சமமாக அரிபட்டால், ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தேயும். உங்கள் கீலின் கனம் பல சென்டிமீட்டர். பெயின்ட்டே அடிக்காமல் விட்டாலும் பத்து ஆண்டில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போகும். குழி விழும் இடங்களில் வேகம் இதைவிட அதிகம், ஆனால் அந்தக் குழிகளால் கீல் உடைந்துவிடாது. துரு பார்க்கப் பயங்கரமாக இருப்பதற்குக் காரணம், கரைந்த இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்வதுதான். கையளவு கொப்புளத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே போயிருக்கும் இரும்பு மிகக் கொஞ்சம். ஆகவே "ஒன்றும் ஆகாது" என்கிறவர் கீலின் உடம்பைப் பொறுத்தவரை ஏறக்குறைய சரி. படகு ஓடும் வேகத்தையும், கீல் உடலோடு சேரும் இடத்தையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சேரும் இடத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதுதான் முக்கியமானது.

வார்ப்பிரும்புக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. அதில் இரண்டிலிருந்து நான்கு சதவீதம் வரை கரி இருக்கும். அந்தக் கரியில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள்ளேயே பரவிக் கிடக்கும். உப்புநீரில் கிராஃபைட்டும் இரும்பும் ஒரு மின்கலத்தின் இரண்டு முனைகளாகின்றன. இரும்பு கரைகிறது, கிராஃபைட் அப்படியே நிற்கிறது. இப்படி நெடுநாள் அரிபட்ட இடம் வெளியிலிருந்து பார்க்க உருவம் மாறாமல் முழுசாகத் தெரியும். கத்தி முனையை வைத்து அழுத்தினால் பென்சில் கரி போலக் கறுப்பாகச் சீவிக்கொண்டு வரும். கொப்புளங்களை உடைத்த இடங்களில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். சுத்தியலால் தட்டும்போது மற்ற இடங்களில் கணீரென்று கேட்கும், இங்கே மட்டும் மொத்தென்று கேட்கும். மென்மையான கறுப்புப் படலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்றால் சுரண்டி எடுத்துவிட்டு மேலே வேலையைத் தொடரலாம். கத்தி ஆழமாக இறங்கினால், அதுவும் கீலின் மேல் விளிம்புக்கு அருகில் என்றால், பெயின்ட் யோசனையை நிறுத்திவிட்டு ஒரு மரைன் சர்வேயரை, அதாவது படகின் நிலையைப் பரிசோதித்துச் சொல்லும் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. நீங்கள் வாங்கிய பெயின்ட்டில் குற்றமில்லை என்றே நினைக்கிறேன். குழிகளுக்குள் தங்கிவிட்ட உப்புதான் குற்றவாளி. இரும்பு அரிபடும்போது, கடல்நீரில் இருக்கும் குளோரைடு குழியின் அடிக்குப் போய், இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகப் படிகிறது. அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கம்பி பிரஷ் அங்கே எட்டாது. கிரைண்டரில் மாட்டும் கம்பிக் கிண்ணம் இன்னும் மோசம். துருவைத் தேய்த்து மினுமினுப்பாக்கிவிடும், கண்ணுக்குச் சுத்தமான இரும்பு போலத் தெரியும், அடியில் உப்பும் துருவும் அப்படியே இருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் இறுகும் பிசின் பெயின்ட்) பூசினாலும் அது முழுக்க நீர்புகாத படலம் அல்ல. நீராவி மெல்ல மெல்ல ஊடுருவும். அடியில் உப்பு இருந்தால் தண்ணீர் சவ்வூடு பரவி அங்கேயே போய்த் தேங்கும். கொப்புளம் எழும்பும். வசந்தத்தில் அடித்ததை இலையுதிர் காலத்தில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

கப்பல் தொழிலில் இது எவ்வளவு கண்டிப்பான விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் பாலாஸ்ட் தொட்டிகளுக்குள் பூசும் பெயின்ட்டுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006-ல் ஒரு தரநிலை கொண்டுவந்தது. 15 ஆண்டு நிற்க வேண்டும் என்பது இலக்கு. அதற்கு அது கேட்கும் நிபந்தனைகளில் பெரும்பாலானவை பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நடக்க வேண்டியவை. இரும்பின் மேல் மிஞ்சிய கரையும் உப்பு ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மேற்பரப்பு 30 முதல் 75 மைக்ரான் வரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். கூர்மையான விளிம்புகளை இரண்டு மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இரும்பின் வெப்பநிலை பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, மூன்று டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் 320 மைக்ரான் எபாக்ஸி. உங்கள் படகுக்கு ஆய்வாளர் வரப்போவதில்லை, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இரும்புக்கும் உப்புக்கும் கப்பல் பெரிதா படகு சிறிதா என்பது தெரியாது. இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் உங்கள் வேலை நிற்கும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். படகைத் தூக்கிய அன்றைக்கே, கீல் காய்வதற்குள், நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவுங்கள். கொட்டலசும் பாசியும் அப்போதுதான் சுலபமாகப் போகும், உப்பும் கரைந்த நிலையில் இருக்கும். குளிர்காலம் முழுக்க மழை விழட்டும், அதுவும் உதவிதான். இடையிடையே கொப்புளங்களை உடைத்துத் திறந்துவிட்டு மறுபடி கழுவுங்கள். வசந்தத்தில் மணல்வீச்சுக்கு, அதாவது அழுத்தக் காற்றில் கூரிய துகள்களை வீசித் துருவை எடுக்க, ஆள் பிடியுங்கள், கிரிட் பிளாஸ்டிங் என்று கேட்டால் தெரியும். எஸ்ஏ இரண்டரை (Sa 2½) என்ற சுத்தத் தரத்துக்கு வேண்டும் என்று சொல்லுங்கள், அந்தத் தொழில் செய்கிறவருக்கு அது போதும். வீசி முடித்ததும் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தில் இரும்பு தெரியும். அவசரப்பட்டு உடனே பெயின்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். முதல் வீச்சுக்குப் பிறகு நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவி, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். கீல் முழுக்க லேசான ஆரஞ்சு பூத்திருந்தால் கவலையில்லை, அது வெறும் ஈரம். குழிகளில் மட்டும் கறுத்து, ஈரம் கசிகிற மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே உப்பு இன்னும் இருக்கிறது. அந்த இடங்களை மறுபடி கழுவி, காயவிட்டு, லேசாக மறுபடி வீசுங்கள். இரண்டாவது வீச்சுக்குப் பிறகு சில மணி நேரத்துக்குள் முதல் கோட் ஏறிவிட வேண்டும். வீச்சுக்காரருக்கு இரண்டு முறை வந்து போகும் கூலி ஆகும். பெயின்ட்டில் மிச்சம் பிடித்தாவது இதற்குச் செலவிடுங்கள் என்பேன்.

சில தளங்களில் மணல்வீச்சுக்கு அனுமதி கிடைக்காது. அப்போது ஊசித் துப்பாக்கி, அதாவது நீடில் கன், அடுத்த நல்ல வழி. அது குழிக்குள் இறங்கித் துருவை உடைக்கும். அதற்குப் பிறகு 40 கிரிட் தகட்டால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். ஆண்டுக்கணக்கில் ஏறிய பழைய பெயின்ட்டில் செம்பு கட்டாயம் இருக்கும், எழுபதுகளின் படகு என்பதால் ஈயமும் தகரச் சேர்மங்களும்கூட இருக்கலாம். தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், சரியான வடிகட்டி மாட்டிய முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், தரையில் தார்ப்பாய் விரித்துச் சுரண்டலை எல்லாம் சேர்த்து எடுங்கள்.

பெயின்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நீருக்கடியில் இருக்கும் பகுதிகளுக்கென்று விற்கும் இரண்டு பாக எபாக்ஸி பிரைமர் எந்த நல்ல கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி. காய்ந்த கனம் மொத்தம் 250 முதல் 300 மைக்ரான் வரை வரும்படி பல கோட்டுகள். எத்தனை கோட் என்பது டப்பாவில் எழுதியிருக்கும் ஒரு கோட்டின் கனத்தைப் பொறுத்தது. விளிம்புகளுக்கும் குழிகளுக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் பிரஷால் தனியாக ஒரு கை கொடுங்கள், ரோலர் அங்கே பெயின்ட்டை விடாது. குழி நிரப்பும் பட்டியை முதல் ஒன்றிரண்டு எபாக்ஸி கோட்டுக்கு மேலேதான் வைக்க வேண்டும், வெற்று இரும்பில் வைக்கக் கூடாது. அது எபாக்ஸிப் பட்டியாகவே இருக்கட்டும். கார் பட்டறையில் கிடைக்கும் பாலியெஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும்.

இங்கிலாந்தின் வானிலை உங்களுக்குப் பெரிய எதிரி. 10 டிகிரிக்குக் கீழே பல எபாக்ஸிகள் ஒழுங்காக இறுகாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் மேலே வழவழவென்று ஒரு பிசுக்குப் படியும், அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் உரிந்துவிடும். இன்னொன்றை ஏப்ரல் மாதக் காலைகளில் நீங்களே பார்க்கலாம். வெயில் வந்துவிட்டது, காற்று இதமாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு இரவின் குளிரை மதியம் வரை விடாது. தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வந்ததும் கீல் வியர்க்கும். படகின் உடல் காய்ந்திருக்கும், கீலில் மட்டும் விரலால் தடவினால் ஈரம் ஒட்டும். காந்தத்தில் ஒட்டும் ஒரு வெப்பமானியை வாங்கிக் கீலிலேயே வையுங்கள், காற்றின் வெப்பநிலையை நம்பாதீர்கள். ஜனவரியில் அடித்த பெயின்ட் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

மேலே பூசும் பாசித்தடுப்பு பெயின்ட்டில் பெரும்பாலும் செம்பு ஆக்சைடு இருக்கும். அது எங்கேயும் வெற்று இரும்பைத் தொடக் கூடாது. இது பழைய பாடம். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763-ல் திரும்பி வந்ததும் பார்த்தால், தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரித்துக் கரைந்திருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் கொஞ்சம் கிழிந்து ஆணிக்கும் செம்புக்கும் நடுவே சிக்கி நின்ற இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன. உங்கள் கீலில் அந்தத் தாளின் வேலையைச் செய்வது எபாக்ஸி. அதில் ஒரு கீறல் விழுந்து, அதன்மேல் செம்பு பெயின்ட் நேராக ஏறினால், நீங்களே அங்கே ஒரு மின்கலம் செய்து வைத்ததாகிவிடும். கடைசி எபாக்ஸி கோட் முழுக்க இறுகுவதற்குள், கட்டைவிரலை வைத்தால் ரேகை பதிய வேண்டும், பெயின்ட் விரலோடு வரக் கூடாது, அந்தப் பதத்தில் முதல் பாசித்தடுப்புக் கோட்டை அடியுங்கள். இரண்டும் பிடித்துக்கொள்ளும்.

துத்தநாகக் கட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், நல்லது, ஆனால் அது பெயின்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையை ஒப்பிட்டுப் பார்த்தால் கடல்நீரில் துத்தநாகம் ஏறக்குறைய மைனஸ் 1.03 வோல்ட், இரும்பு மைனஸ் 0.6 சுற்றுவட்டாரத்தில் இருக்கும். இரண்டையும் கம்பியால் இணைத்தால் துத்தநாகம் கரைந்து இரும்பைக் காக்கும். கீல் மைனஸ் 0.80 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிட்டால் பாதுகாப்பில் இருக்கிறது என்று கொள்கிறோம். அந்த மின்முனையும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இருந்தால் படகு மிதக்கும்போது நீங்களே அளந்து பார்க்கலாம். புரொப்பல்லர் தண்டில் ஏற்கெனவே ஒரு துத்தநாகம் இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். கீலோடு மின்தொடர்பு இல்லாதவரை அது கீலுக்கு ஒன்றும் செய்யாது. கட்டியை நேரடியாகக் கீலில் துளைபோட்டு போல்ட்டால் இறுக்குங்கள், தொடும் இடம் பளிச்சென்ற இரும்பாக இருக்கட்டும், கட்டியின் மேல் பெயின்ட் படக் கூடாது. வெற்றுக் கீலுக்கு வைத்தால் கட்டி சீக்கிரம் தீர்ந்துபோகும். நல்ல பெயின்ட்டின் மேல் விழுந்த சில்லறைக் கீறல்களைக் காக்கச் சின்னக் கட்டியே போதும். உங்கள் படகு பாதிப் பொழுது நீருக்கு வெளியே நிற்கிறது, அந்த நேரத்தில் கட்டி வேலை செய்யாது என்பதும் கணக்கில் இருக்கட்டும். எப்போதாவது மெரினாவில், அதாவது படகுகள் கட்டும் துறையில், கரை மின்சாரம் எடுப்பதானால் எர்த் கம்பியில் ஒரு கால்வானிக் ஐசொலேட்டர் (படகுகளுக்கு இடையே ஓடும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி) போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் துத்தநாகம் பக்கத்துப் படகின் உலோகத்தையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னதில் தொழில் தெரிந்தவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த மூன்றில் உண்டு. துருமாற்றித் திரவங்கள் டானிக் அமிலத்தாலோ பாஸ்ஃபாரிக் அமிலத்தாலோ துருவைக் கறுப்பான, நிலையான சேர்மமாக்குகின்றன. வாசல் கேட்டுக்கும் வேலிக்கும் சரி. நிரந்தரமாக நீரில் மூழ்கும் இரும்பில் நான் அவற்றை நம்புவதில்லை. அடியில் இருக்கும் குளோரைடை அவை எடுப்பதில்லை, கழுவாமல் விட்ட அமிலம் எபாக்ஸியின் பிடிப்பையும் கெடுக்கும். அதைத் தடவிச் சில ஆண்டு நன்றாக நின்றது என்று சொல்லும் படகுக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நன்றாகக் கழுவியதுதான் காப்பாற்றியது என்பது என் ஊகம். துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர் காற்றில் இருக்கும் இரும்புக்கு அருமையானது. நீருக்கடியில், எபாக்ஸிக்கு அடியில் அது கொப்புளம் கொடுக்கலாம் என்பதால் நான் தவிர்ப்பேன், அதை விரும்பிப் பூசும் தளங்களும் உண்டு. கண்ணாடியிழை போர்த்துவது எனக்குப் பிடிக்காத யோசனை. ஒரு கல் குத்தி ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து துரு பரவும், வெளியே தெரியாது. தெரியும்போது தகடு தகடாகப் பெயரும். துரு கண்ணில் படுவதே எனக்கு உத்தமம்.

சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கீலின் அடிப்பாகம் அதிலேயே புதைகிறது. காற்றில்லாத சேற்றில் சல்ஃபேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் இரும்பை வேகமாக அரிக்கும். கொப்புளத்தை உடைத்ததும் ஆரஞ்சுத் துருவுக்கு அடியில் கன்னங்கரேலென்ற பசை இருந்தால், அதில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அழுகிய முட்டை வாடை வருகிறதா என்று பாருங்கள். வெளியில், காற்றோட்டத்தில், ஒரு சொட்டு மட்டும். வாடை வந்தால் இந்த பாக்டீரியாக்களின் வேலை என்று பெரும்பாலும் சொல்லலாம். மருந்து வேறொன்றும் இல்லை: முழுக்கச் சுரண்டல், கழுவல், தடிமனான எபாக்ஸி. படகு கீலின்மேலேயே நிற்பதால் அடிப்பரப்புக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. தூக்கும் பட்டைகளில் படகு தொங்கும் நேரத்தையோ, கட்டைகளை மாற்றி வைக்கும் நேரத்தையோ தளத்தாரிடம் முன்கூட்டியே பேசி வாங்குங்கள்.

இப்போது முக்கியமானது. கீல் படகின் உடலோடு சேரும் கோட்டையும், உள்ளே பில்ஜில், அதாவது படகின் உட்புற அடிக்குழியில், தெரியும் கீல் போல்ட்டுகளையும் பாருங்கள். 2014 மே மாதம் 'சீக்கி ரஃபீக்கி' என்ற பாய்மரப் படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்புகளும் கீல் சேரும் அமைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு சொன்னது. உங்கள் படகு வேறு வகை, நீங்கள் அட்லாண்டிக் கடக்கப் போவதில்லை. கீலின் பக்கங்களில் நூறு கொப்புளம் இருந்தாலும் படகு மூழ்காது, ஆனால் இந்தச் சேர்க்கையில் ஒரே ஒரு துருக்கோடு இருந்தால் அதை விசாரிக்காமல் விடக் கூடாது. உங்கள் இரண்டாவது படத்தில் இடது கீலின் முன்பக்கம், சேரும் இடத்தில், ஒரு பழுப்புக் கசிவு தெரிகிறது. அது மேலிருந்து வழிந்த கறையா, உள்ளேயிருந்து வருகிறதா என்பதைப் படத்தில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த இடத்தைத் துடைத்து, காயவிட்டு, சில நாள் கழித்துப் பாருங்கள். படகு கட்டைமேல் நிற்கும்போதும் அங்கே ஈரம் கசிந்தால் தண்ணீர் சேர்க்கைக்குள் இருக்கிறது. பில்ஜைத் துடைத்துக் காயவைத்து நட்டுகளையும் வாஷர்களையும் பாருங்கள். புதுத் துரு, வாஷரைச் சுற்றி ஜெல்கோட்டில் (கண்ணாடியிழையின் மேல்பூச்சில்) வெடிப்பு, கீல் அருகே உடலைத் தள்ளினால் அசைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சர்வேயர் வேண்டும். போல்ட்டின் நடுப்பகுதி, அதாவது உடலுக்கும் கீலுக்கும் இடையில் மறைந்திருக்கும் கழுத்து, அதுதான் அரிபடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டானாலும் காற்று எட்டாத அந்த இடுக்கில் அரிக்கும். மேலேயிருந்து நட்டு பளபளவென்று இருப்பதை வைத்து நம்பிவிட முடியாது. ஒரு போல்ட்டை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி, அதையும் சர்வேயர் சொல்லும் இடத்தில், படகைச் சரியாகத் தாங்கவைத்துச் செய்ய வேண்டும்.

ஆகவே இந்தக் குளிர்காலத்தில் கையில் இருக்கும் பணத்தை முதலில் அந்தச் சேர்க்கைக்குச் செலவிடுங்கள். அது பத்திரம் என்று தெரிந்த பிறகு கீல்களை ஒருமுறை முழுதாக வீசிப் பூசுங்கள், மே மாதம் ஆனாலும் பரவாயில்லை, சூடான, காய்ந்த வாரத்துக்குக் காத்திருங்கள். ஒரே ஆண்டில் இரண்டு கீலுக்கும் கட்டுப்படியாகாவிட்டால் ஒன்றை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் செய்யலாம். இரண்டுக்கும் அரைகுறையாகச் செய்வதைவிட அது மேல். அதற்கப்புறமும் ஆண்டுதோறும் சில புள்ளிகள் வரும், கற்களில் உரசும் அடிப்பாகத்தில் கட்டாயம் வரும். அந்தந்தப் புள்ளியைப் பளிச்சென்ற இரும்பு வரை திறந்து, கழுவி, அதே எபாக்ஸியைப் பல கோட் கொடுத்தால் போதும். கசிவு இருக்கும் இடத்தை உலர்த்திப் பார்த்தபின் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றையும், பில்ஜில் நட்டுகளின் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.